யானையும் மாடும் மானும் தின்பதால் நிலத்துக்கு என்ன நடக்கிறது?

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

உயர்தர உயிரியல் வகுப்பில் உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது தாவர உண்ணிகளை நாங்கள் மிக விரைவாகக் கடந்து விடுகிறோம். புல் ஒளித்தொகுப்பினால் உணவை ஆக்குகிறது, மான் புல்லைத் தின்கிறது, சிறுத்தை மானைத் தின்கிறது, ஒரு படியிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் அடுத்த படிக்குச் செல்கிறது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். இந்த விளக்கத்தில் மானுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது: தானும் தின்று, பிறகு தன்னையும் தின்னக் கொடுப்பது.

இது பிழையான விளக்கம் அன்று. ஆனால் மிகவும் குறைபட்ட விளக்கம் என்பதே என் எண்ணம். தாவர உண்ணிகளை நாள்தோறும் காணும் மாவட்டங்களில் நாம் வாழ்கிறோம். வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் யானை ஊருக்குள் வருகிறது. மாதவனையிலும் மயிலத்தமடுவிலும் மாட்டுப் பட்டிகள் நிற்கின்றன. அம்பாறைப் பக்கம் 1954-இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவும், தெற்கே லாகுகல, குமண ஆகியவையும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், "தாவர உண்ணிகள் முற்றாக இல்லாமற் போனால் நிலத்துக்கு என்ன நேரும்?" என்று கேட்டால், "தின்ன ஆளில்லாவிட்டால் செடி கொடிகள் நன்றாகச் செழிக்கும்" என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் பதில் சொல்கிறார்கள்.

அந்தப் பதிலை ஒரு வரியில் மறுப்பது எளிது. எங்கள் நிலத்திலிருந்தே சான்றுகளை எடுத்து, ஒரு பதினேழு வயதுப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்படி விளக்குவதுதான் கடினம். இத்துறையில் படித்தவர்களும், படிப்பின்றியே அன்றாடம் இந்த விலங்குகளோடு பழகுபவர்களும் இங்கே எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வந்தாறுமூலை மாணவி எழுதியது:

வணக்கம் சேர். விலங்கியல் படிக்கிறேன் என்பதால் இரைப்பையிலிருந்து தொடங்குகிறேன். பலரும் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுவதனால்தான் மீதிக் கதை விளங்காமற் போகிறது.

புல்லிலும் இலையிலும் உள்ள காபோவைதரேற்றில் பெரும்பகுதி செலுலோசாக இருக்கிறது. முள்ளந்தண்டு விலங்குகள் எவையும் தமது சொந்த நொதியங்களால் செலுலோசை உடைக்க முடியாது. குடலுக்குள் வாழும் நுண்ணங்கிகளே அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. மாடு, எருமை, மான், மரை போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை இருக்கிறது. முதல் அறையில் நுண்ணங்கிகள் உணவை நொதிக்க வைக்க, விலங்கு அதனை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைத்து விழுங்குகிறது. அதனால் தின்றதிலிருந்து அவை கூடுதலான பயனைப் பெறுகின்றன. யானைக்கு இந்த அமைப்பு இல்லை. அதன் நொதித்தல் பெருங்குடலில், உணவுப் பாதையின் கடைசிப் பகுதியில், விரைவாக நடந்து முடிகிறது. வளர்ந்த யானை ஒரு நாளில் 150 கிலோகிராம் அளவில் தின்றாலும் அதில் பாதிக்கும் குறைவாகவே சமிபாடடைகிறது. மீதி முழுவதும் லத்தியாக வெளியேறுகிறது.

யானையின் உடலுக்கு இது குறைபாடு. காட்டுக்கோ இதுவே பெரிய வாய்ப்பு. விளாம்பழத்தையும் புளியம்பழத்தையும் விழுங்கும் யானை அவற்றின் விதைகளைப் பல்லால் முழுமையாக அரைப்பதில்லை, குடலால் முழுமையாகக் கரைப்பதுமில்லை. ஒரு நாளோ இரு நாளோ கழித்து, தாய் மரத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால், ஈரமும் எருவும் சூழ அந்த விதைகள் நிலத்தில் விழுகின்றன. தாய் மரத்தின் அடியில் விழும் விதைகளை வண்டுகளும் எலிகளும் தேடி வந்து அழிக்கின்றன, தப்பி முளைத்தவற்றுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. ஒரு பறவையோ வௌவாலோ விழுங்கித் தூக்கிச் செல்ல முடியாத பருத்த கனிகளைக் கொண்ட மரங்களுக்கு யானையைப் போன்ற பேருயிர் ஒன்று இல்லாவிட்டால் நகர்வதற்கு வழி மிகவும் குறைவு. தாவர உண்ணி என்பது தாவரத்தைத் தின்னும் விலங்கு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், நகர முடியாத தாவரத்தை நகர்த்தும் விலங்கும் அதுவே என்ற பாதி விடுபட்டுப் போகிறது.

லத்தியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இலங்கையின் தென்கிழக்கில் நடந்த ஓர் ஆய்வில், யானை லத்திக்குள் தவளைகள் தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெயிலில் வெடித்துக் கிடக்கும் நிலத்தில் ஈரம் மிஞ்சியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மந்திக்கும் மானுக்கும் உள்ள உறவை வகுப்பில் சொல்லலாம். மந்திகள் கிளைகளில் இருந்து இலையையும் பழத்தையும் அரைகுறையாகத் தின்று கீழே சிந்துகின்றன. புள்ளிமான்கள் மரத்தடியில் நின்று அவற்றைத் தின்கின்றன. சிறுத்தை வருவதை மேலிருந்து மந்தி முதலில் கண்டு குரல் கொடுத்தால், கீழே மான்கள் எச்சரிக்கை அடைகின்றன.

லாகுகலவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1980-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்விடம் 1,554 ஹெக்டேயர் மட்டுமே கொண்டது. நாட்டின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. லாகுகல, கித்துலான, செங்கமுவ ஆகிய குளங்களில் சிங்களத்தில் பெரு என்று அழைக்கப்படும் நெடும்புல் அடர்ந்து வளர்கிறது. கோடையில் சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும்போது யானைகள் இந்தக் குளங்களில் இறங்கி நின்று அப்புல்லை மேய்வதை, பொத்துவிலிலிருந்து மொனராகலை செல்லும் பாதையில் பயணிப்பவர்கள் கண்டிருப்பீர்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவை ஆண்டு முழுவதும் அங்கே நிற்பதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் கலைந்து சென்றுவிடுகின்றன. குளம் நிறைகிறது, புல் மீண்டும் எழுகிறது.

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். தங்கச்சி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். யானை விதையைப் பரப்புகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் மேட்டுக் காணியின் ஓரத்தில் நிற்கும் விளா மரங்களில் சில அப்படி வந்தவையாகவே இருக்கலாம்.

ஆனால் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்கும் நெல் வேளாண்மைக்குள் ஒரு யானைக் கூட்டம் இறங்கினால் அடுத்த நாள் காலையில் நிலம் எப்படி இருக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். யானை தின்பது ஒரு பங்கு என்றால் மிதித்துச் சேற்றில் அமுக்குவது பல பங்கு. கடன் பட்டு விதைத்தவன் பரணில் விழித்திருந்து யானை வெடி போட்டும், அவை ஒரு வயற்கண்டத்தை விட்டு அடுத்த வயற்கண்டத்துக்குத்தான் போகின்றன. பரணில் இருப்பவர்களின் உயிரும் போகிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 100-க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். 2011-இல் நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதில் யானைக்கும் நன்மை இல்லை, எங்களுக்கும் நன்மை இல்லை என்பது விளங்கும்.

ஆகவே என் கேள்வி இதுதான். காட்டுக்குள் நன்மை செய்யும் அதே விலங்கு, வயலுக்கு வந்தவுடன் அழிவாக மாறுவதற்குக் காரணம் என்ன? தின்கின்ற வாயும் அதே வாய்தான், மிதிக்கின்ற காலும் அதே கால்தான். இதற்குச் சரியான விடை கிடைக்காமல், தாவர உண்ணிகள் இயற்கைக்கு நல்லவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், வயலுள்ள வீட்டுப் பிள்ளை அதை நம்பாது.

கிரான் பட்டிக்காரர் மகள் எழுதியது:

சம்மாந்துறை நானா கேட்ட கேள்விக்கு யானையை விட்டு மாட்டை வைத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். மாட்டை நான் நன்றாக அறிவேன். தலைமுறைகளாகப் பட்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது.

மட்டக்களப்பில் மாட்டுக்கு இரண்டு வீடு உண்டு. மாரி விதைப்புத் தொடங்கும் காலத்தில் வயல்நிலம் முழுவதும் பயிருக்குப் போய்விடுவதால், மாடுகளையும் எருமைகளையும் மேற்கே உள்ள மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்கிறோம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும், சிறுபோகம் செய்யாத வட்டைகளுக்கு (வயல்வெளிகளுக்கு) அவை திரும்பி வருகின்றன. அறுத்த வயலில் தாளும், வரம்பில் புல்லும், சிந்திய நெல்லிலிருந்து முளைத்த நாற்றும் தின்கின்றன. தின்றதற்கு ஈடாகச் சாணமும் சிறுநீரும் விட்டுச் செல்கின்றன. முன்பெல்லாம் வயற்காரர்களே பட்டிக்காரரிடம் வந்து, தங்கள் நிலத்தில் சில இரவுகள் மாடுகளை அடைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். பசளை மூட்டையாக வரத் தொடங்கிய பிறகு அந்தக் கேட்பு குறைந்துவிட்டது என்பது எனக்கு மிகவும் வருத்தமான விடயம். நிலத்துக்கும் மாட்டுக்கும் இருந்த ஒரு கொடுக்கல் வாங்கல் அதோடு மெலிந்துவிட்டது.

இனி நானாவின் கேள்வி. புல்லின் வளரும் நுனி அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. மற்றச் செடிகளுக்கு அது உச்சியில் இருக்கிறது. அதனால் மாடு மேலே கடித்துவிட்டுப் போனாலும் புல் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. கடித்த புல்லின் தளிர் இளசாகவும் சத்தாகவும் இருப்பதை எந்தப் பட்டிக்காரரும் சொல்வார். ஆனால் அந்தத் தளிர் எழுவதற்கு அவகாசம் வேண்டும். பட்டி நகராமல் ஒரே இடத்தில் நின்றால், தளிர்த்த புல்லை மாடு மறுபடியும் மறுபடியும் கடிக்கிறது. வேரில் சேமித்தது தீர்ந்து புல் சாகிறது. மாடு தொடாத செடிகள் மட்டும் எஞ்சுகின்றன, அந்த வெற்றிடத்தில் பார்த்தீனியம் போன்றவை பெருகுகின்றன. குளம்பு பட்டு இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடுகிறது. மாடு அதே மாடுதான். நகர்ந்தால் புல்வெளியை வளர்க்கிறது, நிறுத்தி வைத்தால் கட்டாந்தரையாக்குகிறது.

தாவர உண்ணி நிலத்துக்குச் செய்யும் நன்மை அதன் வாயில் இருப்பதைவிட அதன் நடையில் இருக்கிறது என்பதே நான் கண்டது. தங்கச்சி லாகுகலக் குளத்தைப் பற்றி எழுதியதும் இதுவேதான். யானை வந்து தின்றது என்பது பாதி, மழையோடு போய்விட்டது என்பது மறு பாதி.

எருமையைப் பற்றியும் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பு எருமைத் தயிரை எல்லோரும் அறிவார்கள், எருமை புரண்டு உழக்கிய குழிகளின் பயனை அறிந்தவர்கள் குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலும் வாய்க்காலும் வற்றிய பிறகும் அந்தக் குழிகளில் சேறும் நீரும் தங்குகின்றன. விரால், கெளிறு போன்ற மீன்களும் தவளைகளும் அடுத்த மழை வரையில் அவற்றில் பிழைத்திருந்து, வெள்ளம் பரவும்போது வயலுக்குத் திரும்புகின்றன. உழவு இயந்திரம் வந்து எருமை குறைந்த ஊர்களில் இந்தக் குழிகளும் மூடிப்போயின.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் பயிர்ச்செய்கைக்கு மாற்றப்படுவதற்கு எதிராக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியபோது, அதனைப் பலர் காணிப் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். காணிப் பிரச்சினைதான். அதே நேரத்தில் அது நடையின் பிரச்சினையும் கூட. இரண்டு வீடுகளில் ஒன்று இல்லாமற் போனால் மாடு எங்கே நிற்கும்? விதைத்த வயலின் ஓரத்தில்தான் நிற்கும். அப்போது பட்டிக்காரரும் வயற்காரரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டி வருகிறது.

பாசிக்குடாக் கரையோரம் எழுதியது:

கடலிலும் மேய்ச்சல் உண்டு என்பதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து முருகைக் கற்பாறைகளில் (பவளப் பாறைகளில்) கிளிமீனும் ஓராவும் கூட்டமாக வந்து பாசியைச் சுரண்டித் தின்பதைச் சுழியோடிப் பார்க்கும் எவரும் காணலாம். முருகை உயிரிகள் மெதுவாக வளர்பவை, பாசி விரைவாக வளர்வது. சுரண்டித் தின்ன மீன் இல்லாவிட்டால் பாசி முருகையை மூடிவிடுகிறது, புதிய முருகைக் குடம்பிகளுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. கரிபியன் கடலில் 1983-இல் பாசியை மேயும் கரிய நீள்முள் கொண்ட கடல் முள்ளி இனம் ஒன்று நோயினால் ஏறத்தாழ முழுவதும் மடிந்து போனது. ஜமேக்காவில் பாசி தின்னும் மீன்கள் அதற்கு முன்பே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தன. மேய்வதற்கு எதுவும் எஞ்சாத நிலையில், 1970-களின் இறுதியில் பாறைப் பரப்பின் பாதியளவை மூடியிருந்த முருகை, 1990-களின் தொடக்கத்தில் 5 வீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆசிரியரின் மாணவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டுப் பொருந்தும். தின்ன ஆளில்லாதபோது செழித்தது பாசி ஒன்று மட்டுமே.

கிரான் அக்கா சொல்லும் நடை இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. இந்த மீன்கள் பெரும்பாலும் ஒரே பாறைத் தொகுதியைச் சுற்றியே வாழ்கின்றன. இங்கே முக்கியம் எண்ணிக்கைதான். இரவில் விளக்கோடு சுழியோடி, உறங்கும் கிளிமீன்களைக் குத்திப் பிடிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

படுவான்கரை ஆசிரியர் எழுதியது:

பதில்கள் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக வந்திருக்கின்றன. கடல் எடுத்துக்காட்டு மிகத் தெளிவானது. நிலத்தில் இதற்கு இணையாக, தாவர உண்ணிகள் திடீரெனக் குறைந்து, பின்னர் பெருகி, அதன் விளைவுகள் நெடுங்காலம் அளக்கப்பட்ட இடம் ஏதாவது உண்டா? குறைந்தபோதும் பெருகியபோதும் நடந்ததை ஒரே இடத்தில் காட்டினால் மாணவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

வந்தாறுமூலை மாணவி எழுதியது:

உண்டு, சேர். தன்சானியாவின் செரெங்கெட்டி.

மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கு ஆபிரிக்காவுக்குள் நுழைந்தது. வளர்ப்பு மாடுகளில் மிகப் பெரும்பகுதியை அழித்த அந்நோய், காட்டிலிருந்த எருமைகளையும் நூவு மான்களையும் தாக்கியது. 1950-களிலும் 60-களிலும் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்ட பின்னர் காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த நூவு மான்கள் 1970-களின் பிற்பகுதிக்குள் 13, 14 இலட்சமாகப் பெருகின.

மாணவர்களின் விதிப்படி பார்த்தால், ஐந்து மடங்கு வாய்கள் கூடியதால் மரங்கள் அழிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறானது. நூவு மான்கள் குறைவாக இருந்த காலத்தில் புல் உயர்ந்து வளர்ந்து, கோடையில் காய்ந்து, ஆண்டுதோறும் பெருந்தீக்கு இரையாகியது. அந்தத் தீ மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. மான்கள் பெருகிப் புல்லை மேய்ந்ததும் எரிவதற்கான பொருள் குறைந்தது, தீ குறைந்தது, கன்றுகள் தப்பி மரங்களாயின. தீயில் காற்றுக்குப் போய்க்கொண்டிருந்த காபன் மண்ணிலும் மரத்திலும் தங்கத் தொடங்கியது. புல்லைத் தின்னும் விலங்கு பெருகியதால் மரம் பெருகிய நிலம் அது. அந்த மான்கள் ஆண்டுதோறும் மழையைப் பின்தொடர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வலம் வருபவை என்பதையும் கிரான் அக்காவுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே இடத்தில் 13 இலட்சம் மான்கள் நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கல்லோயாவின் சரிவுகளில் உள்ள மானாப்புல் வெளிகளும் கோடையில் எரிபவைதாம். அங்கே தீயை வைப்பவர்கள் பெரும்பாலும் மனிதர்கள், காரணங்களும் வேறு. எனவே ஆபிரிக்கக் கதையை அப்படியே அங்கே பொருத்திவிடக் கூடாது. ஆனால் உயர்ந்து காய்ந்த புல் தீக்கு உணவு, மேய்ந்த புல் தீக்குத் தடை என்ற அடிப்படை எங்கும் ஒன்றே.

வெக்கை நோய் எங்களுக்கும் அந்நியமானதன்று. நீண்ட காலம் இல்லாதிருந்த அந்நோய் 1987-இல் இலங்கையின் வடகிழக்கில் மீண்டும் தலைகாட்டியது, தடுப்பூசியினால் 1990-களில் ஒழிக்கப்பட்டது. 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த நோய் அது மட்டுமே.

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

எல்லோரும் பெரிய விலங்குகளையே பேசுகிறீர்கள். வயலில் எங்களை அதிகம் தின்னும் தாவர உண்ணி யானையன்று, பூச்சிதான். அறக்கொட்டி என்று நாங்கள் சொல்லும் கபில நிறத் தத்தி நெல்லின் அடித்தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சி, வட்டம் வட்டமாக வயலை எரிந்தது போல் ஆக்கிவிடும். 2018-இன் இறுதியில் சேனா படைப்புழு வந்து சோளத்தை எப்படித் தின்றது என்பதை அம்பாறை மாவட்டத்தவர் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அறக்கொட்டியை இயல்பாகவே அடக்கி வைப்பவை வயலிலுள்ள சிலந்திகளும் சில நாவாய்ப்பூச்சிகளும். பயிர் இளமையாக இருக்கும்போதே அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்தி. தத்தியின் முட்டை தண்டுக்குள் பத்திரமாக இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் எதிரியில்லாத வயலில் தத்தி பன்மடங்காகப் பெருகும். இந்தோனேசியாவில் இந்தச் சிக்கல் முற்றியதால் 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிநாசினிகளை அந்நாட்டு அரசு ஒரே ஆணையில் தடை செய்தது. ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சங்கிலியில் மேலேயுள்ள படியை வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வயலே செய்முறை வகுப்பு.

நன்மை செய்த பூச்சியும் உண்டு. 1939-இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா பல குளங்களையும் வாய்க்கால்களையும் மூடிக்கொண்டது. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட, அந்தக் களையை மட்டுமே தின்னும் சிறு கூன்வண்டு ஒன்று 1986-இல் விடப்பட்ட பின்னர், சில ஆண்டுகளில் பல இடங்களில் களை மடிந்து அமிழ்ந்தது. ஆட்களும் மருந்தும் செய்ய முடியாததை இரண்டு மில்லிமீற்றர் வண்டு செய்தது.

என் யானைக் கேள்விக்கு மட்டும் இன்னும் நேரான விடை வரவில்லை. மாடு நடக்க வேண்டும் என்று கிரான் தங்கச்சி சொன்னது விளங்குகிறது. மாட்டுக்குப் பின்னால் ஓட்டிச் செல்ல ஆள் உண்டு. யானைக்கு?

பொத்துவில் வாசி எழுதியது:

யானை தானாகவே நடக்கும், நானா. அதன் தடத்தை மறிக்காமல் இருந்தால் போதும். கல்லோயாப் பக்கத்துக் காடுகளுக்கும் தெற்கே குமண, யால காடுகளுக்கும் இடையில் லாகுகல ஒரு தங்குமிடமாக இருக்கிறது. இந்த வழியின் மீது வீதி, குடியிருப்பு, கரும்பு, நெல் என்று ஒவ்வொன்றாக வந்துவிட்டன.

யானை என்றால் பூங்காவுக்குள் இருக்க வேண்டிய விலங்கு என்று நினைத்து, துரத்தி உள்ளே தள்ளி மின்வேலி போடுவதே நீண்ட காலமாகச் செய்யப்பட்டு வருகிறது. ஆனால் 2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன, அவ்வாறு நடமாடும் நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். காரணம் இதுதான். முதிர்ந்த அடர்காட்டின் அடியில் புல்லும் இளந்தளிரும் குறைவு. சேனை செய்து கைவிட்ட பற்றைக்காடும், கோடையில் நீர் இறங்கிய குளத்துத் தரையும்தான் யானைக்கு நல்ல மேய்ச்சல். உள்ளே தள்ளி அடைத்தால், கிரான் தங்கச்சி சொன்ன நகராத பட்டியைப் போல, இருக்கும் தீனி தீர்ந்து யானை மெலிகிறது, இல்லையென்றால் வேலியை உடைக்கிறது.

தீனி தேடும் யானை குப்பைமேட்டுக்கும் போகிறது. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் திறந்தவெளிக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் 20 அளவிலான யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானபோது உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. விதை சுமந்து காட்டை நடும் வயிற்றில் பொலித்தீன் பை இருந்தது. எங்கள் வீடுகளில் கட்டி எறிந்த பைகள்தாம் அவை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

நானாவின் கேள்விக்கு நான் அறிந்த நேரான விடை: வேலி யானையைச் சுற்றி இருக்கக் கூடாது, பயிரைச் சுற்றி இருக்க வேண்டும். 2020-இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்திட்டத்திலும் இந்த முறைக்கு முக்கிய இடம் தரப்பட்டது. விதைக்கும்போது வயற்காரர்கள் சேர்ந்து வட்டையைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். பிறகு யானை வந்து தாளையும் வரம்புப் புல்லையும் தின்றுவிட்டுப் போகலாம். இது வடமேற்கிலும் வேறு சில இடங்களிலும் செய்து பார்க்கப்பட்ட முறை. யானைக்கு இல்லாத மேய்ப்பனின் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நாங்கள்தான், அதாவது காலத்துக்குப் போடுவதும் காலத்துக்குக் கழற்றுவதும்.

கிரான் பட்டிக்காரர் மகள் எழுதியது:

பொத்துவில் அண்ணன் சொல்லும் வேலி நல்லதுதான். ஆனால் அறுவடைக்குப் பின் கழற்றாமல் விட்டால் யானையை மட்டுமன்றி எங்கள் மாடுகளையும் மறிக்கும். தாளைத் தின்ன மாடும் வராது, யானையும் வராது, கடைசியில் தீ வைத்துக் கொளுத்துவார்கள். கழற்றும் நாளை யார் தீர்மானிப்பது?

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

தங்கச்சி, அதற்குப் புதிதாக ஒன்றும் உருவாக்கத் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி ஆகியவற்றோடு, மாடுகளை வட்டையை விட்டு அகற்றும் திகதியும் தீர்மானமாகிறது. பட்டிக்காரரும் வயற்காரரும் அந்தத் திகதிக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறோம். வேலி இழுக்கும் திகதியையும், அறுவடைக்குப் பின் கழற்றும் திகதியையும் அதே தீர்மானப் புத்தகத்தில், மாட்டுத் திகதிக்குக் கீழே எழுதலாம். வயல்வெளியின் நீர், பயிர் வேலைகளைக் கவனிக்கும் எங்கள் வட்டவிதானையாரிடம் இந்தப் போகத்துக் கூட்டத்தில் இதனை முன்வைக்கப் போகிறேன். கம்பிக்கும் சூரிய மின்கலத்துக்கும் ஏக்கர் கணக்கில் எவ்வளவு பங்கு சேர்க்க வேண்டியிருக்கும் என்பதைப் பொத்துவில் சகோதரர் விசாரித்து எழுதினால், வெறும் யோசனையாக இல்லாமல் கணக்கோடு பேச முடியும்.